பட்டியலில் இல்லாத கோப்பை

அந்த ஆவணக் காப்பகத்தில் முதன்முதலாக ஒரு நகரசபைப் பதிவேட்டைத் திறந்தபோது, பக்கங்களின் மடிப்பிலிருந்து மேசையில் மணல் கொட்டியது. ஒரு சிட்டிகைதான் இருக்கும். எங்கோ கட்டட வேலை நடந்த தூசி என்று நினைத்து ஊதித் தள்ளப் போனேன். காப்பகத்துப் பெண்மணி கையைக் காட்டித் தடுத்தார். மை காய்வதற்காக அக்காலத்து எழுத்தர் தூவிய மணலாம் அது. முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் யாரோ ஒரு மனிதர் எழுதி முடித்து, மணலைத் தூவி, புத்தகத்தை மூடியிருக்கிறார். அதன்பிறகு அந்தப் பக்கத்தை ஒருவரும் அடிமடிப்புவரை விரிக்கவில்லை. நான் விரித்திருக்கிறேன். காலையில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்து ஊராரின் கடைவாய்ப் பல்லுக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். அந்த மணலை விரல் நுனியில் ஒற்றி எடுத்துப் பார்த்தபடி எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது.

நான் சூரிச்சுக்கு வந்தது பதினான்கு வயதில். பல்கலைக்கழகப் படியேறியது நாற்பதை நெருங்கும்போது. நகரத்தின் ஓர்லிகோன் பகுதியில் அம்மாவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அரைநாள் வேலை, அரைநாள் ஆராய்ச்சி. கோயில் வாசலில் கண்டவர்கள் எல்லாம், "உந்த வயசிலை வெள்ளைக்காரன்ரை பழங்கதையைப் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். "உங்கடை கதை அலுத்துப் போச்சு, அதுதான்" என்று பதில் சொல்லிப் பலருடைய முகத்தைச் சுருங்க வைத்திருக்கிறேன். ஆனால் நான் படிக்கப் போனது எங்களுடைய கதையையேதான் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

என் ஆராய்ச்சி ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன நகரத்தைப் பற்றியது. அதன் பெயர் இங்கே வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டில் அதற்கு மதிலும் வாயில்களும் இருந்தன. மதிலுக்குள் குடியுரிமை உள்ளவர்கள், தொழிற்சங்கங்களில் சேர்ந்த கைவினைஞர்கள், குடியுரிமை இல்லாமல் ஆண்டாண்டு அனுமதி வாங்கி வாழ்ந்தவர்கள் என்று அடுக்கடுக்காக மனிதர்கள். எல்லா அடுக்குக்கும் கீழே ஒரு குடும்பம். செத்த மாட்டையும் குதிரையையும் நகரத்திலிருந்து இழுத்துப்போய்த் தோலுரித்துப் புதைப்பவருடைய குடும்பம். அவர் இல்லாவிட்டால் நகரம் நாறிப்போகும். ஆனால் அவர் 'மானமற்றவர்'. இது வசைச்சொல் இல்லை, சட்டச்சொல். அவருடைய மகன் வேறு தொழில் பழக முடியாது. தேவாலயத்தில் அவருக்குக் கடைசி வரிசை வாங்குப் பலகை. அவரைத் தொட்டுவிட்ட கைவினைஞனைச் சங்கம் வெளியே தள்ளிவிடும்.

அந்த மனிதர் இறந்தபோது அவருடைய மனைவி நகரசபைக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். சவப்பெட்டியைத் தூக்க ஒருவரும் வருகிறார்கள் இல்லை என்பதுதான் விண்ணப்பம். சபை கூடிப் பேசி, இரவுக் காவலர் நால்வரைத் தூக்கச் சொல்லியிருக்கிறது. அவர்களும் முரண்டு பிடித்திருக்கிறார்கள். கடைசியில் சபை அவர்களுக்கு முத்திரை குத்திய கடிதம் எழுதிக் கொடுத்தது: இந்தப் பெட்டியைத் தூக்கியதால் உங்கள் மானத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் பெட்டி நகர்ந்தது.

இந்தப் பக்கத்தைப் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் எல்லோரும் சேர்ந்து வாசித்தோம். நோய் தொற்றிவிடும் என்ற பயமாக இருக்கலாம் என்றார் ஒருவர். நாற்றம் காரணமாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். பயம் நோய்க்கு என்றால் முத்திரைக் கடிதம் எப்படி மருந்தாகும் என்று பேராசிரியர் கேட்டார். எல்லோரும் நாடியைத் தடவிக்கொண்டு இருந்தார்கள். எனக்கு மட்டும் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. ஊரில் நான் பிறந்த வீட்டுப் பின்வேலியில், ஒரு கதியால் கம்பின் தலையில், ரின்பால் வந்த தகரப் பேணி ஒன்று கழுவி எப்போதும் கவிழ்த்திருக்கும். ஓலை வெட்ட வருபவர் தண்ணீர் கேட்டால் அவரே அதை எடுத்து நீட்ட வேண்டும். நாங்கள் செம்பை உயர்த்தி, படாமல் ஊற்றுவோம். ஏழெட்டு வயதில் நானும் ஊற்றியிருக்கிறேன். சிந்தாமல் ஊற்றியதற்காக என்னை மெச்சியும் இருக்கிறார்கள்.

"உங்களுக்கு எப்படி இது உடனே தெரிந்தது?" என்று பேராசிரியர் கேட்டார். ஒப்பீட்டு நூல்கள் சில படித்தேன் என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன். பொய்யும் இல்லைத்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தை நான் விடவில்லை. அவர்கள் நடந்த இடமெல்லாம் தேடினேன். அப்படித்தான் மதுவிடுதியின் பட்டியல்கள் கிடைத்தன. மதிலில் ஆற்றைப் பார்த்திருந்த 'ஆற்றுவாயில்' அருகே இருந்த ஒரு விடுதி கைமாறும் ஒவ்வொரு தடவையும் நகர எழுத்தர் வந்து, உள்ளே இருப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார். வாங்கு இத்தனை, செப்புச்சட்டி இத்தனை, ஈயக் கோப்பை மூடியோடு இத்தனை. எல்லாவற்றுக்கும் கடைசியில் தனியாக ஒரு வரி: கதவுப் பக்கச் சுவரில் ஒரு கோப்பை, மூடி இல்லாதது, தோலுரிப்பவருக்கு.

எங்கள் கதியாலில் இருந்த பேணிக்கு ஆல்ப்ஸ் மலையடியில் ஒரு அண்ணன் இருந்திருக்கிறான். அடுத்த பட்டியலிலும் அந்த வரி. அதற்கடுத்ததிலும். விடுதிக்காரர் மாறுகிறார், எழுத்தர் மாறுகிறார், கையெழுத்து நெளிந்து வேறு ஆளாகிறது. கோப்பை மட்டும் மாறவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த ஆணியில் தொங்கிக்கொண்டே இருக்கிறது. பிறகு ஒருநாள், மழை பெய்து காப்பகமே மங்கலாக இருந்த ஒரு பிற்பகலில், ஒரு பட்டியலின் அடிக்கு வந்தேன். வாங்கு இருந்தது, சட்டி இருந்தது, கோப்பைகள் இருந்தன. அந்த வரி இல்லை. தவறவிட்டேனோ என்று மூன்று தடவை வாசித்தேன். அடுத்த பட்டியலை வரவழைத்தேன். அதிலும் இல்லை. அதற்குப் பிறகு எதிலுமே இல்லை.

அந்த மேசையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. உலகம் இருக்கும்வரை இருக்கும் என்று எல்லோரும் நம்பிய ஒன்று, ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு பட்டியலுக்கும் அடுத்த பட்டியலுக்கும் இடையில் முடிந்து போயிருக்கிறது. மாலையில் அந்த நகரத்துக்குள் நடந்தேன். முன்பு 'ஆற்றுவாயில்' இருந்த இடத்தில் பிள்ளைகள் ஸ்கூட்டர் ஓட்டினார்கள். அங்கே தேநீர்க்கடை வைத்திருக்கும் பெண்ணிடம் தோலுரிப்பவர்களைப் பற்றிக் கேட்டேன். அப்படியொரு ஆட்கள் இருந்தார்களா என்று சிரித்தார். அவரே அந்தக் குடும்பத்தின் பேத்தியாகக்கூட இருக்கலாம். அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. இங்கே முடிந்தது என்றால் எங்கேயும் முடியலாம்தானே. இந்த நம்பிக்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அந்த அத்தியாயத்தை எழுதினேன். என் ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு அத்தியாயத்தின் மேல் நின்றது.

எனக்கு ஜெர்மன் பேசத் தடையில்லை, எழுதினால் ஆங்காங்கே இடறும். அதனால் நான் எழுதுவதையெல்லாம் ஒரு தோழி திருத்தித் தருவாள். ஆராவ் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஜெர்மன் படிப்பிக்கிறாள். இங்கேயே பிறந்த தமிழ்ப்பிள்ளை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், ஆனால் என் வாக்கியங்களை அவள் நறுக்கும்போது எனக்குத்தான் பயம். நாலு வருடமாக ஞாயிறு தோறும் ரயிலேறி ஓர்லிகோனுக்கு வருவாள். எங்கள் மேசையில் அமர்ந்து, நான் எழுதியதைச் சத்தமாக வாசிப்பாள். சிவப்புப் பென்சில் ஓடும். அம்மா குசினியில் தேத்தண்ணி போட்டு, பற்றீஸ் பொரித்துக் கொண்டுவந்து வைப்பார்.

அவள் முதல்நாள் வந்தபோது அம்மா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"பிள்ளை, அம்மா அப்பா ஊரிலை எந்தப் பக்கம்?"

அவள் மறைக்காமல் சொன்னாள். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்தான். பக்கத்தைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும், அதற்காகத்தான் எங்களில் இந்தக் கேள்வியே. அவள் போன பிறகு அம்மா குரலைத் தாழ்த்தி, "அந்தப் பக்கத்து ஆக்கள்" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அம்மா, இது சுவிஸ். உந்தக் கதை இந்த வீட்டிலை வேண்டாம்" என்று கத்தினேன். அம்மா பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. ஒரே சத்தத்தில் அலுவலை முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கோப்பை பற்றிய அத்தியாயத்தை அவள் வாசித்தது ஒரு மாசி மாத ஞாயிறு. வழக்கமாக இரண்டாம் பக்கத்திலேயே பென்சில் ஓடத் தொடங்கிவிடும். அன்று பென்சில் மேசையில் கிடந்தது. அவளுடைய குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. 'இத்துடன் அந்த நகரில் அந்த வழக்கம் முடிவுற்றது' என்ற கடைசி வரிக்கு வந்து நிறுத்தினாள். குசினியில் அம்மாவின் தொலைக்காட்சித் தொடரில் யாரோ விசும்பிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளும்."

"இந்தப் பட்டியலிலை என்னென்ன சாமான் எழுதுவினம்?"

"விடுதியிலை இருக்கிறது எல்லாம்."

"எல்லாமோ? விளக்குமாறும் எழுதுவினமோ?"

"இல்லை. கனகாலம் நிண்டு பிடிக்கிற சாமான்தான். தேஞ்சு போறது, பாவிச்சிட்டு எறியிறது ஒண்டும் வராது."

"அப்ப இது வராது" என்றாள்.

கையில் இருந்ததை மேசையில் வைத்தாள். கடையில் கட்டாக வாங்கும் காகிதக் கோப்பை. அதன் பக்கத்தில் என் கோப்பை இருந்தது. நீலப்பூப் போட்ட பீங்கான், கீழே தட்டு. இரண்டிலும் ஒரே கேத்திலில் ஊற்றிய தேத்தண்ணி. நான் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் கையில் பீங்கானை என்னால் காண முடியவில்லை. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய மைக்குள் ஒரு கோப்பையைத் தேடிப் பிடித்த கண், ஒரு முழத்துக்கு அப்பால் இருந்ததைக் காணவில்லை.

"நீர் ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றேன்.

"நீங்களாக் காணுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் இதைத்தானே படிக்கிறனீங்கள்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மாணவரிடம் பிழையைக் காட்டும் அதே குரல்தான்.

"பிறகு நீங்கள் இந்த அத்தியாயத்தைத் துவங்க, சொல்ல மனம் வரேல்லை. ஒரு ஊரிலையாவது இது முடிஞ்சுதெண்டு நம்ப எனக்கும் விருப்பமா இருந்தது."

தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். மேலங்கியை மாட்டிக்கொண்டு குசினிப் பக்கம் எட்டி, "போட்டு வாறன் அன்ரி" என்றாள். "ஓம் பிள்ளை, வழுக்கும், பாத்துப் போ" என்றார் அம்மா. அந்தக் குரலில் அன்பு இருந்தது. நடிப்பில்லாத அன்பு. அதுதான் என்னை நடுங்க வைத்தது.

அவள் போனதும் அம்மாவிடம் கேட்டேன். "கழுவிற கரைச்சல் எண்டுதான்" என்றார். "என்ரை கோப்பையைக் கழுவக் கரைச்சல் இல்லையோ?" என்றேன். அம்மா தொலைக்காட்சியைப் பார்த்தபடி, "அவளிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை, நல்ல பிள்ளை" என்றார். நான் கத்தவில்லை. போன தடவை கத்தியதால் நடந்தது இவ்வளவுதான்: தனிக் கோப்பை பட்டியலிலிருந்து காணாமற்போய், குப்பைப் பைக்குப் போகும் காகிதமாக ஞாயிறு தோறும் புதிதாகப் பிறந்திருக்கிறது. என் விடுதிக்காரரும் அப்படி ஏதோ ஒன்று செய்திருக்கலாம். சுரைக் குடுக்கையில் ஊற்றியிருக்கலாம், கதவடியில் நிற்க வைத்து விற்றிருக்கலாம். எழுத்தர் அதை எழுதியிருக்கமாட்டார். நான் கண்டது முடிவை அல்ல, ஒரு வரி இல்லாத தாளைத்தான்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாம் கிழமை என் அத்தியாயம் தபாலில் வந்தது. பத்தொன்பது பக்கமும் திருத்தியிருந்தாள். ஒரு காற்புள்ளியைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசி வரியை மட்டும் வெட்டாமல், சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தாள். கடிதம் ஒன்றும் இல்லை. உறையின் மேலிருந்த அவளுடைய முகவரியைப் பார்த்தபோது எனக்கு இன்னொன்று உறைத்தது. நாலு வருடத்தில் நான் ஒரு தடவைகூட அவள் வீட்டுக்குப் போனதில்லை. போகக்கூடாது என்று நினைத்ததும் இல்லை. நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். அவளை இழந்துவிட்டேன் என்ற பயம் அப்போதுதான் முழுதாக வந்தது. அத்தியாயம் போனால் இன்னொன்று எழுதலாம்.

தொலைபேசி எடுத்தேன். "வரட்டோ?" என்றேன். "வாங்கோ" என்றாள்.

சனிக்கிழமை ஆராவுக்குப் போனேன். வெளியே பனி உருகி மறுபடி இறுகியிருந்தது. மூன்றாம் மாடி. அவளுடைய அம்மா கதவைத் திறந்தார். என் அம்மாவைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். அறையில் நல்ல சூடு. என்னைச் சோபாவில் இருத்தினார், அவர் இருக்கவில்லை. உள்ளே போய், ஒரு தட்டில் சோடாப் போத்தல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூடி திறக்கப்படவில்லை. திறப்பானும் பக்கத்தில் இருந்தது. கிளாஸ் இல்லை.

எனக்கு அது எழுதி ஒட்டியதுபோல விளங்கியது. ஊரில் எங்கள் சாதியார் ஏதாவது அலுவலாக இவர்களுடைய சாதியாரின் வீட்டுக்குப் போக நேர்ந்தால், உள்ளே எதுவும் குடிக்க மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லும் சங்கடத்தை எங்களுக்கு வைக்காமல், வீட்டுக்காரரே கடைக்கு ஆள் அனுப்பி மூடி கழற்றாத சோடா எடுப்பித்து வைப்பார்கள். அவர்களுடைய கையும் பாத்திரமும் படாதது. அவமதிக்க வந்தவரின் முகம் கோணாமல் முன்கூட்டியே பார்த்து நடப்பது. அந்தப் பெண் முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறார். வெளியே பனி. ஆனாலும் நான் வருகிறேன் என்றதும் சோடா வாங்கி வைத்திருக்கிறார். அந்தப் பெருந்தன்மையின் முன்னால் எனக்குத் தலை நிமிரவில்லை. காப்பகத்தில் கொட்டிய மணலைவிடப் பழையது அது என்று தோன்றியது.

"குடியுங்கோ" என்றார்.

"எனக்குத் தேத்தண்ணி தாங்கோ, அன்ரி."

அவர் மகளைப் பார்த்தார். மகள் உதவிக்கு வரவில்லை. சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போனார். அலுமாரி திறந்த சத்தம் கேட்டது, மூடிய சத்தம் கேட்டது, மறுபடி திறந்த சத்தம் கேட்டது. பிறகு கதவடியில் வந்து நின்றார்.

"சீனி எவ்வளவு போடட்டும்? உங்கடையாக்களுக்கு ஊத்திப் பழக்கமில்லை, அளவு தெரியேல்லை."

"ரெண்டு கரண்டி" என்றேன்.

பொன்கரை போட்ட கோப்பையில் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை அவர் இருக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு கோப்பை தேத்தண்ணி குடிப்பதை ஒரு மனுஷி இப்படி நின்று பார்க்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வெட்கம் தாங்கவில்லை. அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ?" என்றார். ஓம் என்றேன். அவர் உள்ளே போனதும் தோழி வந்து எனக்கு எதிரே கதிரையில் இருந்தாள். என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அத்தியாயத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இந்த ஒரு கோப்பையை வைச்சு முடிஞ்சுதெண்டு எழுதிப்போடாதேங்கோ" என்றாள்.